தண்ணீர் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியுமா?

புதுச்சேரி பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்த கதையின் நினைவுச் சின்னம் அது. இன்றைக்கும் இந்நகரம் நிலத்தடி நீரைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால், அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடலோரப் பகுதிகளில் நீரில் உப்பு ஏறிவிட்டது. "தண்ணி கரிக்குதே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே.

இதற்கு அரசின் அளவுகோல் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 10500. அதில் இரண்டு அளவுகள் இருக்கும். கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் மட்டும் 2,000 வரை அனுமதி.

அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? பல ரசாயனங்களுக்கு, தீங்கு தெரியாத அளவைச் சோதனையில் கண்டறிந்து, பாதுகாப்புக்காக அதைப் பெரும்பாலும் நூறால் வகுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் 2 லிட்டர் வீதம் ஆயுள் முழுக்கக் குடிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே, ஒருநாள் சற்றுக் கூடினால் பதறவேண்டாம்.

நைட்ரேட் விஷயம் வேறு. உரமும் கழிவுநீரும் நிலத்தில் இறங்குவதால் சேர்வது இது. எல்லை 45 மில்லிகிராம். இதில் சலுகையே கிடையாது. அளவு மிஞ்சிய நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

"காய்ச்சித்தானே கொடுக்கிறோம்?" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி மாதிரியான கேண்டில் ஃபில்டரிலும் அது நிற்காது.

என்ன செய்யலாம்?

* டி.டி.எஸ். பேனா மொத்த உப்பைத்தான் காட்டும். நைட்ரேட், கிருமி எதையும் தனியாகச் சொல்லாது.

* போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் நைட்ரேட், ஃப்ளோரைடு, கிருமி மூன்றையும் கேட்டுப் பரிசோதியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பாருங்கள்.

* நைட்ரேட் கூடுதலானால் வேறு தண்ணீருக்கு மாறுங்கள்; அல்லது ஆர்.ஓ. கருவி வையுங்கள். கருவியிலிருந்து வரும் நீரையும் பரிசோதியுங்கள்.

* ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?