சிற்றிருப்புப்பாதையில் படப்பெட்டி வண்டி

முன்னுரை

தமிழகத்தில் திரைக்கலையும் இருப்புப்பாதையும் தொடக்கந்தொட்டே உறவுடையன. திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர்தோறும் காட்டினார். நம் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இவ்விரு துறைகளையும் ஒரு மேசைமீது இணைக்கும் முயற்சியை, அறிவியல் தமிழ்ப் பயிற்சியாக நம் மாணவரோடு மேற்கொண்டோம். ஓட்டுநர் காணும் காட்சியைச் சிறுவண்டியிலிருந்து படமெடுத்தலும், செய்தவற்றைத் தமிழில் எழுதுதலும் மாணவர்க்கு இட்ட பணிகளாம்.

அளவு

வெளிநாட்டில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய சிறுதொடர்வண்டி 87இல் ஒரு பங்கு அளவினது. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 2013இல் வண்டி ஓடத் தொடங்கிய சேலம்-கரூர் பாதையில் நாமக்கல் நிலையத்தை மாதிரியாகக் கொண்டோம். ஓட்டுநரின் கண் தண்டவாளத்திற்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் உள்ளதெனக் கொண்டால், மாதிரியில் அது 34 மில்லிமீட்டராகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் நொடிக்கு 19 சென்டிமீட்டராகும். இவ்விரண்டையும் பேணாவிடின் படம் பொம்மை வண்டியின் படமாகவே தோன்றும்.

அமைப்பு

புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. பின்புற மேல்நடுவில் படக்கண் உள்ள பழைய கைப்பேசியொன்றைத் தாழ்ந்த தட்டுவண்டியில் கண் மேனோக்கக் கிடத்தி, ரப்பர் வளையங்களால் பிணைத்தோம். கண்ணுக்கு மேலே சிறு கண்ணாடித் துண்டை 45 பாகைச் சாய்வில், மேல்விளிம்பு முன்னோக்க நிறுத்தினோம். முன்னாலுள்ள காட்சி கண்ணாடியில் பட்டுக் கீழிறங்கிக் கண்ணை அடையும். ஒளியின் மீள்நெறியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்த பஸ்ரா நகரத்து இப்னுல் ஹைஸமை இங்கு நினைத்தல் தகும்.

கைப்பேசி வண்டியினும் அகலமானது. ஆதலின் அதன் அகலத்திற்கு ஓர் அட்டையை வெட்டிப் பாதைமுழுதும் நகர்த்தி, இடித்த மரங்களையும் கம்பங்களையும் விலக்கி வைத்தோம். படவண்டி முன்செல்ல, எஞ்சின் பின்னின்று தள்ளியது.

இடையூறும் தீர்வும்

முதல் வளைவிலேயே வண்டி தடம்புரண்டது. மும்முறை முயன்றும் பயனில்லை. அப்போது, படிப்பை நிறுத்தி லாரிக் கூண்டு கட்டும் பட்டறைக்கே திரும்ப எண்ணியிருந்த நாமக்கல் மாணவர் ஒருவர், "ஐயா, பாரம் முன் அச்சைத் தாண்டிக் கிடக்கிறது, பின்பக்கம் தூக்குகிறது. எங்கள் அத்தா லாரியில் இப்படி ஏற்ற விடமாட்டார்" என்றார். கைப்பேசியைப் பின்தள்ளினால் வண்டியின் விளிம்பே காட்சியில் விழும். எனவே அவரே முன் சக்கரத் தொகுதியை முன்னே நகர்த்திப் பூட்டி, பின் சக்கரங்களின் மேல் நான்கு இரும்பு நட்டுகளை ஒட்டினார். வண்டி வளைவைக் கடந்தது.

படத்தைப் பார்த்தபோது வேறொரு குறை தெரிந்தது. நிலையப் பலகையில் ‘நாமக்கல்’ என்னும் பெயர் இடவலம் மாறி நின்றது. ஒரு கண்ணாடி காட்டும் உருவின் இயல்பு அது. படத்தை இடவலமாகத் திருப்பியவுடன் எழுத்துகள் நேராயின.

முடிவுரை

மாணவர் எழுதிய கட்டுரைகளுள் அம்மாணவருடையதே சிறந்தது. ‘பாரம்’, ‘அச்சு’, ‘தூக்கு’ எனப் பட்டறைச் சொற்களையே அவர் ஆண்டிருந்தார். அவற்றுக்கு ஈடான கலைச்சொற்களை அகராதியில் தேடிய நாம் அச்சொற்களையே ஏற்றுக்கொண்டோம். அவர் படிப்பைத் தொடர்ந்தார். தொழிலாளர் நாவில் வாழும் சொற்களை வகுப்பறைக்கு அழைத்தல் அறிவியல் தமிழுக்கும் ஆக்கம், அச்சொற்களோடு வரும் மாணவர்க்கும் ஆக்கம் என்பது இப்பயிற்சியில் நாம் கற்ற பாடமாகும்.