வாயில்லா நோயாளி

1858ஆம் ஆண்டு போர்ட் பிளேயரில் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்த பின்னரே, நாய்கள் அந்தமான் பழங்குடியினரின் வேட்டைத் துணையாயின. இன்று தீவுகளில் அவை வீடுகளையும் காக்கின்றன.

முதுமையில் பல நாய்களுக்கு எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்கிறது. நாய் வலியை வாய்விட்டுக் கூறாது. துயின்று எழுகையில் அதன் கால்கள் விறைக்கும், படியேறத் தயங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டு கூறும் வீட்டாரே மருத்துவருக்கு முதற்சான்று.

கால்நடை மருத்துவர் நாயை நடக்கவிட்டு நோக்குவார். மூட்டை மெல்ல மடக்கி நீட்டுவார். இரு தொடைகளையும் ஒப்பிடுவார். வலியுள்ள கால் மெலிந்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது; மூட்டின் விளிம்பில் முளைத்த எலும்பு முட்களே தேய்வைக் காட்டும். உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் மூட்டுவலி தருவதால், சிலவேளை குருதியும் சோதிக்கப்படும்.

தேய்ந்த குருத்தெலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது. எனினும் மிகாத எடை, அளவான நடை, உரிய மருந்து ஆகியவை வலியைத் தணிக்கும். மனிதர் உண்ணும் வலி மாத்திரையோ நாய்க்கு நஞ்சாகலாம்.

அருஞ்சொற்பொருள்: துயின்று – உறங்கி, குருதி – இரத்தம்.

சிந்தித்து எழுதுக: எக்ஸ்ரே இருந்தும் மருத்துவர் வீட்டாரை வினவுவது ஏன்?