மீன் மாத்திரை குடியை நிறுத்துமா, தங்கச்சி?

"ஒமேகா மாத்திரை கொடுத்தால் அவருக்குக் குடி நிற்குமா அக்கா?" என்று கேட்டாய். நிற்காது. பிரேசிலில் குடிநோயாளிகள் 80 பேரைப் பிரித்து, சிலருக்கு ஒமேகா மாத்திரையும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது: பெரிய வித்தியாசம் எதுவுமில்லை. மாத்திரைக்கு ஆகும் காசை எப்படிச் செலவழிப்பது என்று சொல்கிறேன்.

1. முதலில் மருத்துவர். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. வில்லியனூரோ பாகூரோ, பஸ் ஏறினால் போய்விடலாம். போகுமுன் பேச வேண்டுமென்றால் 14446, கட்டணமில்லை.

2. திடீரென நிறுத்த வைக்காதே. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று விட்டால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால் உயிருக்கே ஆபத்து. சாமி ஏறியது என்று காத்திராமல் 108ஐக் கூப்பிடு.

3. பி1 பற்றிக் கேள். குடிப்பவர்களுக்கு உடம்பில் இந்த வைட்டமின் அடிக்கடி குறைந்துவிடும். மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், நினைவு கெடும். ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் சொல்வார். வீட்டில் பயறு, வேர்க்கடலை, கைக்குத்தல் அரிசி சேர்.

4. மீனைக் குழம்பில் போடு. 1000 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தாலும், பல மீன் எண்ணெய் மாத்திரைகளில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். ஒரு வேளை மத்தியிலோ காணாங்கெளுத்தியிலோ அதைவிட அதிகம் கிடைக்கும். புரதமும் சேர்ந்து வரும்.

5. வயிறோ காலோ வீங்கியிருந்தால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். ஈரல் கெட்டவருக்கு உப்பு நீரைத் தேக்கும்.

6. சாப்பாட்டில் எதையும் ரகசியமாகக் கலக்காதே. 'குடியை மறக்கடிக்கும் பொடி'யில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் சாராயம் குடித்தால் மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் விழும். அந்த மருந்து அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

7. மறைக்காதே. கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போ. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால் மீன் எண்ணெய் மாத்திரையையும் அதில் சேர்த்து எழுது.