வேனில் ஒரு பெட்டகம்

கோடை விடுமுறை. வெள்ளானூரில் ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் கூடி ஒரு வேன் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் புறப்பட்டு, ஆவடி தாண்டி, இரவெல்லாம் ஓடி, மறுநாள் காலை திருச்செந்தூர். முதலில் கடல் நீராட்டு, பிறகுதான் தரிசனம். கடலில் இறங்குமுன் கழற்றிய நகைகள், பணப்பைகள், கைப்பேசிகள், பாட்டியின் மருந்துப் பை எல்லாம் வேனுக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்த மாதக் கல்யாணத்துக்கென வாங்கி, சன்னதியில் வைத்து எடுக்கக் கொண்டுவந்த பத்துப் பவுனும் அங்கேதான். கதவு பூட்டியிருக்கிறது. இந்தப் பூட்டு எதைக் காக்கும், எவ்வளவு நேரம் காக்கும்?

மாணவ நண்பர்களே, இது காவல் துறையினர் மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அன்று. உங்கள் இயற்பியல் பாடநூலில் விசை, அழுத்தம், நெம்புகோல், ஒளி ஆகிய பாடங்களைப் படித்த எவரும் இதற்குப் பெரும்பாலும் விடை கண்டுவிடலாம்.

மேலை நாடுகளில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டியிலேயே மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். நம் நாட்டில் இவற்றைக் கேரவன் என்கிறோம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு திட்டமே அறிவித்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குச் சுற்றுலா வண்டி என்றால் பன்னிரண்டு பேர் அமரும் வேன்தான். வண்டி எதுவானாலும் சிக்கல் ஒன்றே: வீட்டுச் சுவர் செங்கல், வண்டியின் சுவரோ ஒரு மில்லிமீட்டரை எட்டாத தகடும் கண்ணாடியும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். உடைக்க முடியாத பெட்டகம் உலகில் இல்லை. பெட்டகங்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனத்தின் முத்திரைகளில் ஒன்று 'டி.எல்.-15'. கருவிகளோடு ஒருவர் இடைவிடாமல் முயன்றாலும் பதினைந்து நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். பாதுகாப்பை நிமிடங்களில் அளக்கிறார்கள், பாருங்கள்! நாம் கடலில் குளிப்பது அரை மணி நேரம் என்றால், நம் ஏற்பாடு அந்த நேரத்தைத் தாண்டி நிற்கிறதா என்பதே கணக்கு.

முதலில் கண்ணாடி. வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று. அதை அறுநூறு டிகிரி செல்சியசுக்குமேல் சூடேற்றி, இருபுறமும் குளிர்ந்த காற்றைப் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பிறகு உட்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பையும் தன்னோடு இழுக்கிறது. முடிவில் மேற்பரப்பு நெருக்கத்திலும், உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. கண்ணாடியில் விரிசல் திறக்க வேண்டுமானால் முதலில் இந்த நெருக்கத்தை வெல்ல வேண்டும். ஆகவே இது சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கைந்து மடங்கு வலிமையானது.

ஆனால் ஒரு கூர்முனை அந்த மேல்தோலைத் துளைத்து உள்ளே எட்டிவிட்டால், அங்கே அடைபட்டிருந்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு, கண்ணாடி முழுவதும் பொரி உதிர்வதுபோல் உதிர்ந்துவிடும். 100 நியூட்டன் விசையை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் செலுத்தினால் அழுத்தம் பத்து லட்சம் பாஸ்கல். அதே விசையை 0.1 சதுர மில்லிமீட்டர் முனையில் செலுத்தினால் அதைப்போல் ஆயிரம் மடங்கு. குளிர்சாதனப் பேருந்துகளில் சன்னலோரம் மாட்டியிருக்கும் சிறு சுத்தியலின் முனை கூராக இருப்பது இதனால்தான். விபத்தில் அது உயிர் காக்கிறது. திருடனுக்கும் இயற்பியல் விதிகள் அதேதான். முன்கண்ணாடி மட்டும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அடுக்கு, உடைந்தாலும் விலகாது. பக்கக் கண்ணாடி நமக்குத் தருவது சில நொடிகளையும் ஒரு சத்தத்தையும் மட்டுமே.

எனவே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது கண்ணில் படாமலிருப்பது மேல். பகல் வெளிச்சத்தில் வேனுக்குள் என்ன இருக்கிறதென்று எளிதில் தெரிவதில்லை. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது, இரு முகமும் சேர்ந்து 8. வெளியே கொளுத்தும் வெயிலின் 8 விழுக்காடு, உள்ளிருந்து வரும் மங்கிய ஒளியை மூழ்கடித்துவிடுகிறது. இதை நம்பி ஏமாறக்கூடாது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரு கைகளாலும் கண்ணுக்குத் திரை கட்டிப் பாருங்கள். எதிரொளி மறைந்து, இருக்கைமேல் கிடக்கும் கைப்பை பளிச்சென்று தெரியும். இரவில் உள்விளக்கு எரிந்தால் நிலைமை தலைகீழ். அப்போது உங்கள் வேன் ஒரு நகைக்கடைக் காட்சிப் பெட்டிதான். திரைச்சீலையை இழுத்துவிடுவது மலிவான பாதுகாப்பு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொருள்களை வண்டி நிறுத்துமிடத்துக்கு வருமுன்னரே மறைத்துவிட வேண்டும். பலர் பார்க்க இறங்கி நின்று பையை இருக்கைக்கு அடியில் தள்ளுவது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை வைப்பதற்குச் சமம்.

சரி, பூட்டுக்கு வருவோம். பூட்டு என்றால் திண்டுக்கல். அவ்வூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவப் பூட்டை உங்கள் தாத்தா வீட்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளே மெல்லிய லீவர் தகடுகள் அடுக்கடுக்காக வில்லின் அழுத்தத்தில் நிற்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைக் குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். சிறிது குறைந்தாலும் திறக்காது, சிறிது மிகுந்தாலும் திறக்காது. ஐந்து தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரம் என்றால் 6×6×6×6×6 = 7776 வகைச் சாவிகள். ஒரு சாவிக்குப் பத்து நொடி வீதம் முயன்றால் எல்லாவற்றையும் முடிக்க இருபத்தொரு மணி நேரத்துக்குமேல் ஆகும். லண்டனில் பிராமா என்பவரின் பூட்டு, திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு 1790 முதல் கடைச் சன்னலில் அறுபது ஆண்டுகளுக்குமேல் தொங்கியது. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். பதினாறு நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்தார்!

வேன் திருடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவன் சாவித் துளையைப் பார்ப்பதே இல்லை. பூட்டின் வளையக் கம்பியைத்தான் பார்க்கிறான். 6 மி.மீ. விட்டமுள்ள மென்எஃகுக் கம்பியின் குறுக்குப் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. இத்தகைய எஃகைக் கத்தரிக்கச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 300 நியூட்டன் வேண்டும். ஆக மொத்தம் 8500 நியூட்டன் அளவில். கம்பி வெட்டும் கத்தரியின் கைப்பிடி 60 செ.மீ., வாய் 3 செ.மீ. என்றால் விசை இருபது மடங்காகிறது. ஒருவர் 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ எடை அளவு அழுத்தினால், வாயில் 8000 நியூட்டன்! பூட்டு நூலிழையில் தப்புகிறது. இரட்டை நெம்புகோல் கத்தரியானால் அதுவும் இல்லை. இனி, கம்பியின் விட்டத்தை இரு மடங்காக்கி 12 மி.மீ. எடுங்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே நான்கு மடங்கு, சுமார் 34,000 நியூட்டன். பூட்டு வாங்கப் போகும்போது "எத்தனை லீவர்?" என்று கேட்பவர்கள் கம்பியின் கனத்தையும் கேட்பது நல்லது. கம்பி வெளியே நீளாமல் உடலுக்குள் ஒடுங்கிய பூட்டானால் இன்னும் நலம். கத்தரியின் வாய் நுழைய இடமே இராது.

இவ்வளவு செய்தும், பூட்டு தொங்கும் நாதாங்கியை ஒட்டுப்பலகையில் இரண்டு சிறு திருகாணியால் பொருத்தியிருந்தால் அத்தனையும் வீண். சங்கிலியின் வலிமை அதன் நொய்ந்த கண்ணியின் வலிமைதான்.

அதைவிட எளிய வழி, பெட்டியையே தூக்கிக்கொண்டு போவது. ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெட்டிகளைச் சங்கிலியால் பிணைக்க வளையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தத்துவத்தையே வேனிலும் கொள்ளலாம். இருக்கைக்கு அடியில் ஒரு சிறு இரும்புப் பெட்டியைத் தரைத் தகட்டோடு 10 மி.மீ. போல்ட்டால் இறுக்குவதுதான் வழி. இங்கேதான் பட்டறைக்காரர் பலர் ஒரு சிறு பொருளை மறந்துவிடுகிறார்கள்: வாஷர்.

தரைத் தகடு 0.8 மி.மீ. தடிமன் என்போம். பெட்டியை நெம்பி மேலே தூக்கினால், போல்ட்டின் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு வரப் பார்க்கும். கிழிபட வேண்டிய பரப்பு, தலையின் சுற்றளவு பெருக்கல் தகட்டின் தடிமன். தலை 16 மி.மீ. விட்டமானால் 3.14 × 16 × 0.8 = சுமார் 40 சதுர மி.மீ. தகட்டைக் கத்தரிக்கச் சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் என்று கொண்டால் 10,000 நியூட்டன். கடப்பாரைக்கு இது பெரிய வேலை அன்று. தலைக்கும் தகட்டுக்கும் இடையில் 50 மி.மீ. விட்டமுள்ள தடித்த வாஷர் ஒன்றைப் போடுங்கள். பரப்பு 126 சதுர மி.மீ. ஆகிறது, தாங்கும் விசை 31,000 நியூட்டனுக்குமேல். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த போல்ட்-நட்டுக் கடையிலும் கிடைக்கும் ஒரு வட்டத் தகடு, மூன்று மடங்கு வலிமையைத் தருகிறது. (உண்மையில் தகடு கிழியுமுன் வளையும், எனவே இது தோராயக் கணக்கு. ஆனால் ஒப்பீடு சரி.)

நட்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? அது வண்டிக்கு அடியில் இருந்தால், ஒரு ஸ்பானரோடு கீழே படுப்பவன் கழற்றிவிடுவான். எனவே பிடிப்பில்லாத வழுவழுப்பான உருண்டைத் தலை கீழே, நட்டு பெட்டிக்கு உள்ளே. பெட்டியைத் திறந்தவர்தான் நட்டைத் தொட முடியும். பெட்ரோல் தொட்டியும் மின்கம்பிகளும் தரைக்கடியில் ஓடுவதால், துளையிடும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்.

இந்த இறுக்கம் திருடனுக்கு எதிராக மட்டுமன்று. மணிக்கு 80 கி.மீ. என்பது நொடிக்கு 22 மீட்டர். மோதலில் வேன் 0.1 நொடியில் நின்றால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 22 மடங்கு. கட்டாமல் வைத்த 15 கிலோ பெட்டியைத் தடுத்து நிறுத்த 330 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். பின் இருக்கையில் உங்கள் தம்பி உட்கார்ந்திருந்தால் அந்த விசையை அவன் முதுகுதான் தர வேண்டிவரும்.

பூட்டிய வேனில் திருடனைத் தவிர இன்னொரு பகைவனும் உண்டு. அது வெயில். வெளியே 35 டிகிரியானால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 50-ஐத் தாண்டிவிடும். பாட்டியின் பையிலுள்ள இன்சுலினைப் பயன்பாட்டிலிருக்கும்போது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். கைப்பேசியின் லித்தியம் மின்கலத்துக்கும் 45-க்கு மேற்பட்ட சூடு ஆகாது. இவை இரண்டும் இரும்புப் பெட்டிக்குள் போகவே கூடாதவை. குழந்தையை அப்படிப் பூட்டிய வண்டியில் ஐந்து நிமிடம்கூட விடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தப் பத்துப் பவுன். பவுன் ஒன்றுக்கு 8 கிராம் வீதம் 80 கிராம். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 கிராம். வகுத்துப் பாருங்கள், கன அளவு 4.5 கன சென்டிமீட்டர்! ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. இத்தனை சிறிய பொருளுக்கு இரும்புப் பெட்டி எதற்கு? நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பை இந்தக் கணக்கைப் போடாமலேயே விடையைக் கண்டது. கடலில் இறங்காமல் கரையில் உட்காரும் ஒரு பெரியவர் மடியில் அது இருப்பதே என் தீர்ப்பு. உடனிருக்க யாருமில்லாத வேளைக்குத்தான் பெட்டி. கல்யாண நகையைச் சுற்றுலாவுக்கே எடுத்து வராதிருப்பது இன்னும் நல்லது என்பீர்கள். சரிதான், ஆனால் அதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது!

புதிய வண்டிகளில் சாவியே ஒரு சிறு வானொலி. அதை ஓட்டுநர் எடுத்துச் சென்றாலும், அதன் அலையை நடுவழியில் வாங்கி வண்டி வரை அஞ்சல் செய்து கதவைத் திறக்கும் சூழ்ச்சி உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. 1836-இல் பாரடே காட்டியபடி, உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது. ஒரு கைப்பேசியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, இன்னொன்றிலிருந்து அழைத்துப் பாருங்கள். மூடியின் இடுக்கு வழியே அலை நுழைந்து மணி அடித்தாலும் அடிக்கும். அதையே அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் அழையுங்கள்.

முடிக்குமுன் ஒரு கணக்கு. 10 மி.மீ. போல்ட்டின் எஃகு இழுவிசையில் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் தாங்கும் என்க. தரைத் தகட்டை 1 மி.மீ. ஆகவும், வாஷரை 75 மி.மீ. ஆகவும் மாற்றினால், பெட்டியை இழுக்கும்போது முதலில் அறுவது போல்ட்டா, கிழிவது தகடா? போல்ட் ஒன்றுக்குப் பதில் நான்கு போட்டால்?