தறி நிற்கும் மாதத்துக்கு இப்போதே கணக்குப் போடுவோம்



இந்த மாதப் பாடத்தை ஆப்பிளில் இருந்து தொடங்குகிறோம். சிரிக்காதீங்க, காரணம் இருக்கிறது. நம் மார்க்கெட்டுக்கு வருகிற காஷ்மீர் ஆப்பிளை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்தான். வருடம் முழுக்க மருந்து, உரம், ஆள்கூலி என்று செலவழித்துவிட்டு, அறுவடை நேரத்தில்தான் காசைக் கண்ணால் பார்க்கிறார்கள். 2025-ல் அந்த நேரம் பார்த்து மழையில் மலை சரிந்து, ஜம்மு–ஸ்ரீநகர் சாலை பல நாள் அடைபட்டது. லாரியிலேயே பழம் அழுகியது. செப்டம்பர் 13 முதல் பட்காமில் இருந்து டெல்லிக்கு ரயில்வே பார்சல் ரயில் விட வேண்டியதாயிற்று.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பூக்கும் முன்பே மண்டி கமிஷன்காரரிடம் பலர் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். வாங்கினால் பழத்தை அவருக்கேதான் அனுப்ப வேண்டும். அப்புறம் விலை பேச வாய் வருமா?

செவிலிமேட்டில் தறி வைத்திருக்கிற நமக்கு இது புதுக்கதை இல்லை.

நமக்கும் சீசன் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் சேலை ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, பட்டு ஈரம் இழுக்கும், குழித்தறியில் தண்ணீர் ஊறும். 2015 வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கல்யாணமே நின்றது, தறியும் நின்றது. பட்டு கர்நாடகத்தில் இருந்தும் ஜரிகை சூரத்தில் இருந்தும் வருகின்றன. 2025-ல் தங்கமும் வெள்ளியும் ஏறினபோது ஜரிகை விலையும் ஏறியது. சேலை விலை கூடினால் கடையில் வாங்குகிறவர் யோசிக்கிறார், கடைக்காரர் முதலாளியிடம் "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறார். கடைசியில் பாவு வராமல் காத்திருப்பது நம் வீடு.

அப்போது என்ன செய்கிறோம்? முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கிறோம். வட்டி இல்லாத கடன் என்று சந்தோஷமாக வாங்குகிறோம். ஆனால் அந்தக் கடன் தீரும்வரை வேறு இடத்தில் நெய்ய முடியாது. கோர்வைச் சேலைக்குக் கூலி கூட்டிக் கேட்க முடியாது. "முதல்ல பாக்கியை முடி" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு அடங்கிவிடும். எங்களைக் கேட்டால், அதுதான் அதிக வட்டி உள்ள கடன் என்போம்.

இப்போது நோட்டை எடுங்கள். கணக்குக்காக ஒரு தறி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். சேலைக்குக் கூலி 5,000 ரூபாய் என்று வைப்போம். நல்ல மாதம் 7, மாதம் மூன்று சேலை, 15,000. சுமாரான மாதம் 3, இரண்டு சேலை, 10,000. மோசமான மாதம் 2, ஒரே சேலை, 5,000. வருடத்துக்கு மொத்தம் 1,45,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,000-த்துக்குக் கொஞ்சம் கூட.

அதாவது இந்த வீடு 12,000 ரூபாய் வீடு. 15,000 வருகிற மாதத்திலும் அது 12,000 ரூபாய் வீடுதான். நல்ல மாதம் ஒவ்வொன்றிலும் 3,000 எடுத்து வைத்தால் 21,000 சேரும். சுமாரான மாதங்களுக்கு 6,000, மோசமான மாதங்களுக்கு 14,000, ஆக 20,000 போதும். எடுத்து வைக்காவிட்டால்? அதே 20,000-த்தை வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும். குழுவில் ஒரு வட்டி என்றால் 200.

"எடுத்து வைக்கிற அளவுக்கு எங்க மிச்சம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 3,000 முடியாவிட்டால் 1,000. அதை வழக்கமான சந்தாவோடு கலக்காமல் "மழைக்காலச் சேமிப்பு" என்று குழு நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தீபாவளிக்கு அதைத் தொடக்கூடாது என்று தீர்மானமும் போட்டுவிடுங்கள், பட்டாசு செலவு கண்ணை மறைக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்கிறவர்களுக்குக் கூலியில் பிடிக்கிற பணத்தோடு அரசும் ஒரு பங்கு சேர்க்கிற சேமிப்பு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று வருடம் ஒருமுறையாவது பாருங்கள். சங்கத்திலும் சேலை தேங்கினால் பாவு குறையும், அதனால் அங்கே நெய்கிறவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு வேண்டும்.

வங்கிக் கணக்கு உள்ள எல்லோருக்கும் இன்னொன்று. 18 முதல் 50 வயது வரை சேரக்கூடிய ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய். 70 வயது வரை உள்ள சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். தறி நின்றால் இதில் பணம் வராது, குழப்பிக்கொள்ள வேண்டாம். மே மாதக் கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு அறுந்துவிடும்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தார் சுற்றுவதும், பாவு பிணைக்க உதவுவதும், கோர்வைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா போடுவதும் பெரும்பாலும் நாமும் நம் பெண் பிள்ளைகளும். கூலி என்னவோ ஒரே பெயரில் வருகிறது. கணக்கு எழுதும்போது அந்த வேலை நேரத்தையும் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை: நம் குழுவில் எத்தனை வீட்டில் அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது? அதைக் குழுக் கடனால் அடைத்தால் கூலி கூட்டிக் கேட்க முடியுமா? சென்ற வருடம் எந்தெந்த மாதம் தறி நின்றது? பதிலை எழுதிக் கூட்டமைப்புக்குக் கொடுத்தனுப்புங்கள்.