வரவு வேறு, வருமானம் வேறு

2025 ஜூலையில் அல்சூர் சந்தைக்குப் போனேன். வாடிக்கைக் கீரைக்கார அம்மா க்யூ.ஆர். அட்டையை எடுத்து ஒளித்துவிட்டார். "காசா குடுங்க சாமி." என் பையில் காசில்லை, கீரையைக் கடனாகத் தந்தார்.

யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீசு அனுப்பிய நேரம் அது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், டீக்கடை போன்ற சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். விற்றுமுதல் லாபமல்ல, அன்பர்களே! தினம் 11,000 ரூபாய்க்கு விற்றாலே வருடத்தில் 40 லட்சம் தாண்டிவிடும்; கையில் நிற்பதோ சொற்பம். ஆனால் கீரை, காய்கறிக்கு வரியே கிடையாது. அவற்றை மட்டும் விற்பவருக்குப் பதிவும் தேவையில்லை. அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

கடை வைத்திருக்கும் நம் சங்கத்தார் வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது. ஊரிலிருந்து மச்சான் அனுப்பும் கைமாற்றும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் விழுந்தால், எது விற்பனை என்று பின்னால் நீங்கள்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அன்றாடக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். ரொக்கத்துக்குத் திரும்பினால் தப்பலாம் என்பதை நான் ஏற்கவில்லை. ரொக்க விற்பனையும் விற்றுமுதலில் சேர்ந்ததுதான்.

கீரைக் கடனை மறுநாள் சில்லறையாகவே கொடுத்துவிட்டேன்.