மண்ணுக்குள் ஒரு கல்தளம்

நுழையும்முன்

நிலத்தை நாம் பெரும்பாலும் மேற்பரப்பைக் கொண்டே மதிப்பிடுகிறோம். ஒரே நிறம், ஒரே சரிவு, ஒரே மழை என்றால் ஒரே நிலம் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆயினும், ஒரு முழ ஆழத்தில் மறைந்திருக்கும் ஓர் அடுக்கு எந்தச் செடி வளரும், எந்த விலங்கு வாழும், எத்தனை கால்நடை மேயலாம் என்பவற்றையெல்லாம் முடிவு செய்வதுண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள வறண்ட மேய்ச்சல் நிலங்கள் அதற்குச் சான்றாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்கைப் பற்றி இப்பாடம் பேசுகிறது.

மலைமறைவு நாடு

பசிபிக் பெருங்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில் சியரா நெவாடா மலைத்தொடரால் தடுக்கப்படுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழையும் பனியும் பொழிந்துவிட, கிழக்கே உலர்ந்த காற்றே சென்று சேர்கிறது. அந்த மழைமறைவில் 5 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கிறது ‘பெரும்படுகை’ எனப்படும் கிரேட் பேசின். நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதியும் யூட்டாவின் மேற்குப் பகுதியும் இதனுள் அடங்கும். இங்குப் பெய்யும் நீர் எந்தக் கடலையும் சென்றடைவதில்லை. படுகைக்குள்ளேயே தேங்கி, ஆவியாகி, உப்புப்படிவை விட்டுச் செல்கிறது.

பள்ளத்தாக்குகளிலும் மலையடிச் சரிவுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 300 மில்லிமீட்டர் அளவே நீர் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு குளிர்காலப் பனியாக வருகிறது. ஆகவே இது வெப்பப் பாலைவனம் அன்று, குளிர்ப்பாலைவனம். செடிகள் துளிர்க்கும் இளவேனிலில் பனி உருகி மண்ணில் இறங்கும். கோடையில் வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். குளிர்காலத்தில் பெற்ற நீரைக் கோடைவரை காத்து வைக்கும் பொறுப்பு மண்ணுடையது. ‘அந்த மண்ணின் ஆழம் எவ்வளவு?’ என்னும் கேள்வி இங்கே உயிர்நிலைக் கேள்வியாகிறது.

கடப்பாரை ஒலிக்கும் இடம்

இந்நிலத்தின் பழைமையான மேட்டுச் சரிவுகளில் குழி தோண்டுவோமாயின், முதலில் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள, வெளிர்நிற மேலோடு தென்படும். அதில் ரொட்டித்துண்டில் காணப்படுவன போன்ற நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். அவ்வறைகள் ஒன்றோடொன்று நன்கு இணையாதவை. ஆதலின் நீர் இம்மேலோட்டின் வழியே மெதுவாகவே இறங்கும். அதன்கீழ்ச் சில இடங்களில் களிமண் மிகுந்த செந்நிற அடுக்கு வரும். அதற்கும் கீழே, பெரும்பாலும் ஒன்றரை அடி ஆழத்திற்குள்ளேயே, கடப்பாரை ‘ணங்’ என்று ஒலித்து நிற்கும்.

தோண்டுபவர் பாறையை அடைந்துவிட்டதாக எண்ணக்கூடும். அது பாறை அன்று. மணலும் சரளையும் வண்டலும் சிலிக்கா என்னும் பசையால் இறுகப் பிணைக்கப்பட்ட மண்ணடுக்கு அது. மண்ணியலார் இதனை ‘டூரிபேன்’ என்பர். ‘கடினமான’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தமிழில் இதனைச் ‘சிலிக்கா வன்தட்டு’ எனலாம். அமெரிக்க மண்வகைப்பாட்டு முறையில், வறள்நில மண்களுள் ஒரு மீட்டர் ஆழத்திற்குள் இத்தட்டினைக் கொண்டவை ‘டூரிட்’ என்னும் தனி உட்பிரிவாகவே வைக்கப்பட்டுள்ளன. தட்டு 50 சென்டிமீட்டருக்குள் அமைந்தால் அம்மண் ‘ஆழமற்ற மண்’ எனப்படும்.

தட்டு உருவாகும் விதம்

இத்தனை சிலிக்கா எங்கிருந்து வந்தது? எரிமலைகளிடமிருந்து வந்தது என்பதே முதன்மையான விடை. ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் ஆரிகன் பகுதியில் மசாமா என்னும் எரிமலை பெருவெடிப்புற்றுச் சரிந்தது. அதன் சாம்பல் வட நெவாடாவிலும் வீழ்ந்தது. அதற்கு முன்னரும் பல எரிமலைகள் இந்நிலத்தின்மீது சாம்பலைத் தூவியிருந்தன. பனியூழிக்குப் பின் வற்றிய பேரேரிகளின் படுகைகளிலிருந்து காற்று அள்ளிவந்த தூசியும் அதனோடு சேர்ந்தது.

எரிமலைச் சாம்பல் பெரும்பாலும் நுண்ணிய கண்ணாடித் துகள்களால் ஆனது. மணலிலுள்ள குவார்ட்சைக் காட்டிலும் எரிமலைக் கண்ணாடி நீரில் எளிதாகக் கரையும். பனிநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அத்துகள்களிலிருந்து சிறிதளவு சிலிக்காவைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. மழை மிகுந்த நாடாயின் அந்நீர் ஆழத்திற்குச் சென்று ஆற்றில் கலந்துவிடும். இங்கு நீர் அத்தனை தொலைவு செல்வதில்லை. ஓரளவு ஆழத்தில் நின்றுவிடுகிறது. வேர்கள் நீரை உறிஞ்சுகின்றன, எஞ்சியது ஆவியாகிறது. கரைந்து வந்த சிலிக்கா மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆண்டுதோறும் இந்நிகழ்வு தொடர்கிறது. தொடக்கத்தில் சரளைக் கற்களின் அடிப்பக்கத்தில் சிலிக்கா சிறு துளிகளைப்போல் தொங்கிப் படியும். ஆங்காங்கே முடிச்சுகள் தோன்றும். பின்னர் அவை ஒன்றோடொன்று இணையும், துளைகள் அடைபடும். இறுதியில் தட்டின் மேற்பரப்பில் வழவழப்பான மெல்லிய ஏடுகள் படியத் தொடங்கும். படிவது பெரும்பாலும் நீர்கொண்ட சிலிக்கா. அணிகலன்களில் பதிக்கப்படும் ஓப்பல் என்னும் மணிக்கல்லும் இதே பொருளால் ஆனதே. ஒரு வன்தட்டு முழுமையாக உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள், சில இடங்களில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எனவேதான் அண்மைக்கால வெள்ளம் பரப்பிய இளைய நிலங்களில் இத்தட்டு காணப்படுவதில்லை; பழைய மேடுகளிலேயே காணப்படுகிறது. தட்டின் இருப்பே நிலத்தின் வயதுக்குச் சான்றாகிறது.

இரு சோதனைகள்

இத்தட்டினை மற்ற கடின அடுக்குகளிலிருந்து பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. உலர்ந்த துண்டொன்றை நீரில் இட்டு வைத்தால், வெறும் களிமண் கட்டி உதிர்ந்து குழைந்துவிடும். வன்தட்டுத் துண்டு அப்படியே கிடக்கும். அடுத்து, அதனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட வேண்டும். சுண்ணாம்பால் மட்டும் பிணைந்த சுக்கான் கல் போன்றதாயின் நுரைத்துக் கரைந்துவிடும். சிலிக்கா வன்தட்டிலும் சுண்ணாம்பு கலந்திருப்பதுண்டு. ஆகவே அதுவும் சிறிது நுரைக்கலாம். ஆனால், துண்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி உடையாமல் நிற்கும். சூடான, அடர்ந்த காரக் கரைசலே அதன் பிணைப்பைத் தளர்த்தும். அமிலத்திற்கு அசையாதது காரத்திற்கு இளகுவதே சிலிக்காப் பிணைப்பின் அடையாளமாகும்.

நம் வயல்களில் ஒரே ஆழத்தில் மீண்டும் மீண்டும் உழுவதாலும் கனரகப் பொறிகள் செல்வதாலும் அடிமண் இறுகுவதுண்டு. அதனை உளிக்கலப்பை கொண்டு உடைக்கிறோம். அது அழுத்தத்தால் நெருங்கிய மண். பசையால் பிணைந்த மண் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

ஒரு முழ மண்ணின் நீர்க்கணக்கு

வன்தட்டின் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். நடுத்தரமான வண்டல்மண் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீரைச் செடிகளுக்காகத் தேக்கி வைக்கும் என்று கொள்வோம். 150 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண் 225 மில்லிமீட்டர் நீரைத் தேக்கும். 40 சென்டிமீட்டரில் தட்டு குறுக்கிடும் மண்ணோ 60 மில்லிமீட்டரையே தேக்கும். சரளை மிகுதியாயின் இவ்வளவும் குறையும்.

குளிர்காலப் பனி 120 மில்லிமீட்டர் நீரைத் தருமாயின், ஆழமான மண் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். ஆழமற்ற மண்ணோ பாதியைத்தான் ஏற்கும். மறுபாதி தட்டின்மேல் தேங்கி மண்ணைச் சேறாக்கும். சரிவின் வழியே பக்கவாட்டில் கசியும். அல்லது மேற்பரப்பில் ஓடி மண்ணையும் உடன் அரித்துச் செல்லும். ஒரே மழை பெய்த, அடுத்தடுத்த இரு நிலங்களுள் ஒன்று இளவேனிலில் சேறாகவும் கோடையின் தொடக்கத்திலேயே வறட்சியாகவும் மாறுவதற்கு இதுவே காரணம்.

செடி சொல்லும் செய்தி

பெரும்படுகையின் அடையாளமாக விளங்குவது ‘சேஜ்பிரஷ்’ என்னும் நறுமணப் புதர். நாம் மாலையில் தொடுக்கும் மரிக்கொழுந்தும் இதுவும் ஆர்ட்டிமீசியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆழமான மண்ணில் உயரமான பெருஞ்சேஜ்பிரஷ் செழிக்கிறது. அதன் வேர் ஆழத்திலுள்ள ஈரத்தை இரவில் மேலே கொணர்ந்து உலர்ந்த மேல்மண்ணில் கசியவிடுகிறது என்பதை 1987இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வன்தட்டு மேலெழுந்து நிற்கும் ஆழமற்ற மண்ணிலோ குட்டையான கருஞ்சேஜ்பிரஷ் இடம் பிடிக்கிறது. ஆகவே புதரின் வகையையும் உயரத்தையும் கண்டே, தோண்டாமல் மண்ணின் ஆழத்தை ஓரளவு கணிக்கலாம்.

விலங்குகளும் இதே எல்லையை மதிக்கின்றன. உள்ளங்கையில் அடங்கத்தக்க குறுமுயல் தன் வளையைத் தானே தோண்டுவது. ஆகவே உயர்ந்த புதர்களும் ஆழ்ந்த, மென்மையான மண்ணும் உள்ள இடத்தையே அது நாடுகிறது. சேஜ் கிரௌஸ் என்னும் பறவையோ குட்டைப் புதர்கள் நிறைந்த மேடுகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் கல்தளம் மண்ணுக்குமேல் வாழ்வோரின் முகவரியை எழுதுகிறது.

இழந்தால் மீளாத மண்

ஷோஷோனி, பையூட் முதலிய தொல்குடிமக்கள் பருவத்திற்கேற்ப இடம்பெயர்ந்து, விதைகளையும் மலைப்பைன் கொட்டைகளையும் சேகரித்து இந்நிலத்தில் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடுமாடுகள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டன. பொதுநிலம் யாருக்கும் கட்டுப்படாத மேய்ச்சற்காடாயிற்று. புதர்களுக்கிடையே மண்ணைப் பற்றிநின்ற பல்லாண்டுப் புற்கள் அழிந்தன; மண் அரித்தது. நிலைமை முற்றிய பின்னர், 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் இயற்றப்பட்டுப் பொதுநில மேய்ச்சல் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டது.

அரிப்பின் கொடுமையை மீண்டும் நம் கணக்கால் அளப்போம். இரு நிலங்களும் 5 சென்டிமீட்டர் மேல்மண்ணை இழப்பதாகக் கொள்வோம். 150 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணுக்கு அது முப்பதில் ஒரு பங்கு இழப்பு. 40 சென்டிமீட்டர் மண்ணுக்கோ எட்டில் ஒரு பங்கு இழப்பு. மேலும், விதை முளைப்பதற்கும் ஊட்டம் பெறுவதற்கும் உரிய பகுதியே முதலில் போகிறது. அடியில் இருப்பது பிணைந்த கல்லாதலின், போன மண்ணுக்கு ஈடாகக் கீழிருந்து புதுமண் விரைவில் உருவாக வழியில்லை.

இவ்வாறு வெறுமையான இடத்தில் ஐரோப்பா, ஆசியாப் பகுதிகளிலிருந்து வந்த ‘சீட்கிராஸ்’ என்னும் ஓராண்டுப் புல் புகுந்தது. அது இளவேனிலில் விரைந்து முளைத்து, மேல்மண்ணின் ஈரத்தைப் பருகி, கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகிறது; தீ எளிதில் பரவ அதுவே எரிபொருளாகிறது. பெருஞ்சேஜ்பிரஷும் கருஞ்சேஜ்பிரஷும் எரிந்தபின் வேரிலிருந்து தழைப்பதில்லை. விதையிலிருந்தே மீள வேண்டும். புல்லோ அடுத்த பருவத்திலேயே நிறைகிறது. தீக்குப் பின் புல்லும், புல்லுக்குப் பின் தீயுமாக ஒரு சுழல் தொடங்கிவிடுகிறது.

தட்டினை உடைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பழத்தோட்டம்போல் உயர்ந்த வருவாய் தரும் நிலத்தில் அது செய்யப்பட்டதுண்டு. குறைந்த மழையும் குறைந்த வருவாயும் உடைய, பல்லாயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் அது இயலாது. கிளறுதலே அரிப்புக்கும் களைக்கும் வழிவிடும். ஆகவே இந்நிலத்தில் அறிவுடைமை என்பது நிலத்தை மாற்றுவதன்று. நிலத்தின் அளவறிந்து நடப்பது. ஆழத்தை அளந்தறிந்து மேய்ச்சலின் தொகையை வரையறுத்தல், மண் ஈரமாயிருக்கும் இளவேனிலில் கால்நடைகளின் மிதிப்பைத் தவிர்த்தல், பல்லாண்டுப் புற்கள் விதை முற்ற இடைவெளி அளித்தல், ஆழமான மண்ணுக்குரிய விதைகளை ஆழமற்ற மண்ணில் தூவி வீணாக்காதிருத்தல் ஆகியன அங்கே பின்பற்றத்தக்க நெறிகள்.

விளைச்சல் மிகுந்த மண்ணைப் போற்றுவது எளிது. ஒரு முழ ஆழமே உடைய, ஏழை மண்ணை அதன் எல்லைக்குள் வைத்துக் காப்பதற்கே மிகுந்த அறிவும் பொறுமையும் வேண்டும். அதற்கு முதற்படி, மேற்பரப்பைக் கண்டு முடிவு செய்யாமல் ஒரு குழி தோண்டிப் பார்ப்பதுதான்.

தெரிந்து தெளிவோம்

கலிபோர்னியாவின் மாநில மண்ணாக 1997இல் அறிவிக்கப்பட்ட ‘சான் வாக்கீன்’ மண்ணிலும் சிலிக்கா வன்தட்டு உண்டு. அப்பகுதியின் பழத்தோட்டக்காரர்கள் மரக்கன்று நடுவதற்காக ஒருகாலத்தில் வெடிவைத்துத் தட்டினை உடைத்தனர். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய தட்டு ‘டார்பாங்க்’ எனப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கிணறோ அடித்தளமோ தோண்டப்பட்ட இடத்தைப் பார்வையிட்டு, மண்ணடுக்குகளின் நிறம், தடிப்பு, கடினம் ஆகியவற்றைப் படமாக வரைந்து வகுப்பில் விளக்குக.

2. உலர்ந்த மண்கட்டிகள் சிலவற்றை நீரில் இட்டு, அவை உதிரும் நேரத்தைக் குறித்து ஒப்பிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. சிலிக்கா வன்தட்டு பழைய மேடுகளில் மட்டும் காணப்படுவது ஏன்?
2. அமிலமும் காரமும் வன்தட்டினை அடையாளம் காண எவ்வாறு உதவுகின்றன?

சிறுவினா
ஒரே அளவு மண்ணரிப்பு, ஆழமற்ற மண்ணுக்குப் பேரிழப்பாவதைக் கணக்கிட்டு விளக்குக.

நெடுவினா
‘மண்ணுக்குள் கிடக்கும் கல்தளம் மண்ணுக்குமேல் வாழ்வோரின் முகவரியை எழுதுகிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.